மௌனம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரை திரும்பி வந்தபோது, அதில் ஒரே ஓர் இடத்தில்தான் சிவப்பு மை இருந்தது. ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவல் அடிமை வணிகத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த வரியின் அடியில் கோடிட்டு, ஓரத்தில் பேராசிரியர் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "எந்தப் பக்கம்?"

எனக்குக் கோபம் வந்தது. இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பக்க எண் தர முடியும்? நேரே அவர் அறைக்குப் போய் இதையே கேட்டேன். அவர் என்னோடு வாதாடவில்லை. "பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துவிட்டு வா அம்மா, பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தாள்களைத் திருத்தப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நாவலை நான் ஒரே ஒரு முறை, தேர்வுக்காக, வேகவேகமாகப் படித்திருந்தேன். நாவலைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் பல முறை படித்திருந்தேன். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993இல் வெளியிட்ட 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' நூலில் இந்த நாவலைப் பற்றி ஒரு புகழ்பெற்ற பகுதி இருக்கிறது. அதைக்கூட நான் முழுமையாகப் படித்திருக்கவில்லை. அதன் சுருக்கம் ஒன்றைத்தான் படித்திருந்தேன். ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் பின்னால் ஆன்டிகுவாத் தீவின் கரும்புத் தோட்டம் இருக்கிறது என்பது அந்தச் சுருக்கத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட செய்தி. செய்தி சரியானதுதான். ஆனால் அதை நான் கண்டடையவில்லை. கையில் கொடுக்கப்பட்டதை வாங்கி, நாவலின் மேல் ஒட்டியிருந்தேன்.

மறுபடி படிக்க நான்கு நாட்கள் ஆயின. இருபத்தோராம் அத்தியாயத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மாளிகையின் தலைவர் சர் தாமஸ் பெர்ட்ரம் ஆன்டிகுவாவிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். வீட்டில் கலகலப்பு அடங்கிவிட்டது. அவரிடம் இன்னும் கொஞ்சம் பேசலாமே என்று அவருடைய இளைய மகன் எட்மண்ட் சொல்ல, ஏழை உறவினளாக அந்த வீட்டில் வளரும் ஃபேனி பதில் சொல்கிறாள்: நேற்றிரவு நான் அவரிடம் அடிமை வணிகத்தைப் பற்றிக் கேட்டது உங்கள் காதில் விழவில்லையா? கேட்டது, மற்றவர்களும் அதைத் தொடர்ந்து கேட்பார்கள் என்று நம்பினேன், இன்னும் கேட்டிருந்தால் அப்பாவுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்கிறான் எட்மண்ட். தொடர்ந்து கேட்க ஆசையாகத்தான் இருந்தது என்கிறாள் ஃபேனி. ஆனால் அங்கே ஒரு செத்த மௌனம் நிலவியது. மாமாவின் பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல், அக்கறையே காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காட்டாத ஆர்வத்தைத் தான் காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்ப்பதாகத் தோன்றிவிடுமே என்று அவள் அடங்கிப்போனாள்.

நாவல் மௌனம் சாதிக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். நாவலோ மௌனம் என்ற சொல்லையே எடுத்து, யார் கேட்டாள், யார் பேசவில்லை, கேட்டவள் ஏன் மேலே கேட்கவில்லை என்று கணக்கு வைத்திருந்தது. அடிமைகளை வாங்கி விற்பதை பிரிட்டன் சட்டத்தால் தடை செய்தது 1807இல். நாவல் வெளிவந்தது 1814இல். அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. ஆக, வணிகம் சட்டவிரோதம், உடைமை சட்டபூர்வம் என்ற இடைக்காலத்தில் ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். அதைவிட என்னை அசைத்தது வேறொன்று. மௌனம் தோட்ட உடைமையாளரான சர் தாமஸின் குற்ற உணர்வு என்று நான் மனத்துக்குள் நாடகம் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் இருப்பது அது இல்லை. அவருக்குப் பேசத் தடையிருப்பதாக எந்தக் குறிப்பும் அங்கே இல்லை. மகனின் கணிப்பில் அவர் மகிழ்ச்சியோடே பேசியிருப்பார். மௌனம் மகள்களுடையது. தங்கள் உடையும் உணவும் எங்கிருந்து வருகின்றன என்ற பேச்சே அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது. குற்ற உணர்வைவிட இந்தச் சலிப்பு எனக்கு இன்றுவரை அச்சமூட்டுகிறது.

பிறகு சயீத்தின் பகுதியை மூலத்திலேயே படித்தேன். அந்தச் செத்த மௌனத்தை அவர் எடுத்துக் காட்டித்தான் பேசியிருந்தார். நாவலைத் தூக்கி எறியுங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதன் செழுமைக்காகவே கூடுதலாகப் படிக்க வேண்டும் என்கிறார். மாளிகையின் கதையையும் தோட்டத்தின் கதையையும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு இசைக்கோடுகளைக் கேட்பதுபோல் கேட்கச் சொல்கிறார். சுருக்கத்தில் அவருடைய முடிவு இருந்தது. அவர் கேட்ட விதம் இல்லை. இதற்குப் பின் நான் எனக்கு விதித்துக்கொண்ட முதல் கட்டுப்பாடு: எந்தக் கோட்பாட்டாளரின் பெயரைக் கட்டுரையில் எழுதுகிறேனோ, அவர் ஒரு குறிப்பிட்ட பிரதியை எப்படி வாசிக்கிறார் என்ற பகுதியையாவது மூலத்தில் படித்திருக்க வேண்டும். நூல் முழுவதும் படிக்க முடியாமல் போகலாம். அந்த வாசிப்பு நடக்கும் பத்து இருபது பக்கங்களை விடக்கூடாது.

ஆங்கில இலக்கியத் துறையில் படிக்கிறவர்களுக்கு ஒரு தவறான வரலாறு மனத்தில் பதிந்துவிடுகிறது. முதலில் பிரதியைச் சொல் சொல்லாகப் பார்க்கும் கூர்ந்த வாசிப்பு என்ற பழைய பள்ளி இருந்தது, அது கவிதையைச் சமூகத்திலிருந்து துண்டித்துப் பார்த்தது, பிறகு படைப்பை அதன் சமூகத்தோடு சேர்த்துப் பார்க்கும் பண்பாட்டு விமர்சனம் வந்து அதை விரட்டிவிட்டது என்பதுபோல. நானும் அப்படித்தான் நம்பினேன். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்து மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துப் பார்த்து 1929இல் நூலாக்கினார், எஃப்.ஆர். லீவிஸின் 'ஸ்க்ரூட்டினி' இதழ் 1932 முதல் 1953 வரை வந்தது. இந்த விமர்சகர்கள் ஒரு கரை. மறு கரையில் பண்பாட்டு ஆய்வின் முன்னோடிகளான ரிச்சர்ட் ஹாகர்ட், ரேமண்ட் வில்லியம்ஸ், ஸ்டூவர்ட் ஹால். ஆனால் ஹாகர்ட் யார்? அவர் ஆங்கிலப் பேராசிரியர். 1957இல் வந்த 'எழுத்தறிவின் பயன்கள்' நூலில் அவர் செய்தது, கவிதைக்குக் கொடுத்துவந்த அதே கவனத்தை உழைக்கும் மக்கள் படித்த வார இதழ்களுக்கும் பாடிய பாடல்களுக்கும் கொடுத்தது. 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் ஆங்கிலத் துறையின் மடியிலிருந்துதான் இறங்கியது. பண்பாட்டு விமர்சனம் கூர்ந்த வாசிப்பின் பிள்ளை. தாயை வீட்டைவிட்டு அனுப்பியது பின்னால் வந்த எங்களைப் போன்றவர்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. அகப்பாடலில் உள்ளுறை, அதாவது சொல்லாமல் உணர்த்தும் பொருள், உண்டு என்று ஒருவர் சொன்னால், நிலத்துக்குரிய எந்தக் கருப்பொருளில் என்று உடனே கேட்போம். வண்டா, மீனா, எருமை மிதித்த பூவா? காட்டிய பிறகே தலைவியின் மனம் என்ன, தலைவன் செய்தது என்ன என்ற பேச்சு. சொல்லப்படாத பொருள் சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும் என்று நம் இலக்கணம் முன்பே வரையறுத்து வைத்திருக்கிறது. ஆங்கில நாவலுக்கு வரும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஏன் உள்ளே போனேன் என்று இப்போது வருந்துகிறேன்.

திரைப்படத்துக்கு வந்தபோது சிக்கல் இன்னும் பெரிதானது. நாவலில் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம். படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நினைவில் தங்குவது கதை மட்டும். கதையை வைத்துக்கொண்டு எழுதினால் அது படத்தின் விமர்சனமாகாது, கதைச்சுருக்கத்தின் விமர்சனமாகிவிடும். என் முதல் திரைப்படக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை இருந்தது. கேமரா என்ற சொல்லே அவற்றில் வராது.

இப்போது நான் செய்வதும் மாணவர்களுக்குச் சொல்வதும் இதுதான். முதல் முறை பேனா இல்லாமல் பார்க்க வேண்டும். அடுத்து, ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டு நிரப்ப வேண்டும்: எந்த நிமிடம், சட்டகத்துக்குள் யார், கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது, பேசுவது யார், வேறென்ன ஒலி, எந்தச் சொல்லில் வெட்டு விழுகிறது. பிறகு அதே காட்சியை ஒலியை அணைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மொத்தம் ஒரு மாலைப்பொழுது ஆகும். கட்டுரைக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே கிடைத்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் தேர்ந்தெடுத்த காட்சி தவறு என்று தெரிந்துவிடுகிறது.

பட்ரீஷியா ரொசீமா இயக்கி 1999இல் வந்த 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' படத்தை இந்த முறையில்தான் படித்தேன். ஆஸ்டினின் கடிதங்களையும் இளம் வயது எழுத்துகளையும் கலந்து எழுதிய திரைக்கதை அது. நாவலில் ஒரு கேள்வியாக மட்டும் இருந்த அடிமை வணிகம் படத்தில் வெளிப்படையாக வருகிறது. சிறுமி ஃபேனி மாளிகைக்கு வண்டியில் போகும் வழியில் கடலில் ஓர் அடிமைக் கப்பலைக் காண்கிறாள். பின்னர், மூத்த மகன் டாமின் ஓவியப் புத்தகத்தில் ஆன்டிகுவாவில் நடந்த கொடுமைகளைப் பார்க்கிறாள். முதல் முறை பார்த்தபோது, நாவல் மறைத்ததைப் படம் சொல்லிவிட்டது என்று உள்ளம் பொங்கியது. தாளில் எழுதியபோது வேறொன்று தெரிந்தது. கப்பல் தொலைவில் நிற்கிறது, பாட்டு மட்டும் காற்றில் வருகிறது. பிறகு முகங்கள் வருகின்றன, ஆனால் டாம் வரைந்த கோடுகளாக. அடிமைப்படுத்தப்பட்ட ஒருவர்கூட வசனம் பேசும் பாத்திரமாகப் படத்தில் இல்லை. ஃபேனியின் மனச்சாட்சி விழிப்பதற்காக அவர்கள் வந்துபோகிறார்கள். இதனால் படத்தைக் குறைத்து மதிப்பிடச் சொல்லவில்லை. அது துணிச்சலான படம், எனக்குப் பிடித்த படம். சயீத் போன்றவர்களின் விமர்சனம் ஒரு திரைக்கதைக்குள்ளேயே நுழைந்து வேலை செய்திருக்கிறது என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் 'படம் பேசியது, நாவல் பேசவில்லை' என்ற எளிய கணக்கு அந்தத் தாளின் முன் நிற்கவில்லை.

என்னை மிகவும் பாதித்த தவறு இன்னொரு படத்தில் நடந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே தவறை ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

டாஃப்னி டு மோரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா' நாவலில், மேக்ஸிம் தன் முதல் மனைவி ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1940இல் எடுத்த படத்தில் அவன் சுடுவதில்லை. வாக்குவாதத்தில் அவள் தடுமாறி விழுந்து, தலையில் அடிபட்டுச் சாகிறாள். உடலைப் படகில் வைத்து மூழ்கடிப்பது மட்டும் இரண்டிலும் உண்டு. இந்த மாற்றத்தை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஹிட்ச்காக்கின் ஆணாதிக்கப் பார்வை கணவனைக் காப்பாற்றியிருக்கிறது, பெண் எழுத்தாளரின் கதையை ஆண் இயக்குநர் மழுங்கடித்துவிட்டார் என்பது அதன் சாரம். உணர்ச்சியோடு எழுதினேன், படிக்க நன்றாகவும் இருந்தது. ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளரின் குறிப்பு வந்தது: தயாரிப்பு நெறிமுறையைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லையே?

ஹாலிவுட் தானாகவே வகுத்துக்கொண்ட அந்தத் தணிக்கை நெறிமுறை 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 1968இல்தான் அதற்குப் பதிலாக வயதுவாரியான தரப்பிரிவு வந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றிப் புது மனைவியோடு வாழ்வதாக முடியும் படத்தை அது அனுமதிக்காது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கோ நாவலை மாற்றாமல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். ஆக, நான் ஒரு மனிதரின் மனத்தில் தேடிய காரணம் ஓர் அமைப்பின் விதிப்புத்தகத்தில் இருந்தது. ஒரு படத்தைப் பற்றிப் பண்பாட்டு விமர்சனம் எழுதியவள், அந்தப் படத்தைச் செய்த பண்பாட்டு அமைப்பையே தேடிப் பார்க்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் விதியைக் கண்டுபிடித்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தால் அது இரண்டாவது தவறாகியிருக்கும். விதி ஏன் மாற்றம் நடந்தது என்று சொல்கிறது. மாற்றத்தால் என்ன ஆனது என்று சொல்வதில்லை. மறுபடி நாவலுக்குப் போனேன். கதை சொல்லும் இரண்டாம் மனைவிக்கு நாவலில் பெயரே கிடையாது. கணவன் கொலையை ஒப்புக்கொள்ளும்போது அவள் மனம் பற்றிக்கொள்வது ஒன்றையே: அவன் ரெபெக்காவைக் காதலிக்கவில்லை. கொலை செய்தவன் என்று தெரிந்தே அவன் பக்கம் நிற்கிறாள். அவனைக் காப்பாற்றுவதில் பங்காளி ஆகிறாள். படத்தில் அது விபத்து என்று ஆனதும், கணவனின் குற்றத்தோடு மனைவியின் குற்றமும் கரைந்துவிடுகிறது. நிரபராதியின் பக்கம் நிற்பதில் என்ன இருக்கிறது? கணவனைக் காப்பாற்றவே மாற்றினார்கள் என்று எழுதியிருந்தேன். அந்த மாற்றத்தில் அதிகம் இழந்தவள், நாவலில் அத்தனை இருட்டையும் ஆழத்தையும் சுமந்த அந்தப் பெயரற்ற பெண்.

கேமராவைப் பற்றியும் அப்போதுதான் கவனித்தேன். ரெபெக்கா படத்தில் ஒரு முறைகூடத் திரையில் வருவதில்லை. அந்தப் பாத்திரத்துக்கு நடிகையே இல்லை. கடற்கரைக் குடிலில் மேக்ஸிம் அன்றிரவு நடந்ததைச் சொல்லும்போது, அவள் எழுந்தாள், நடந்தாள் என்று அவன் சொல்லச் சொல்ல, கேமரா யாருமில்லாத அறையில் அவள் நடந்த பாதையில் நகர்கிறது. இல்லாத ஒருத்திக்குக் கேமரா வழிவிட்டு நடக்கிறது. அவன் வாய் விபத்து என்கிறது. காட்சியோ அவளைச் செத்தவளாக நடத்த மறுக்கிறது. திருத்திய கட்டுரையை இந்த நகர்விலிருந்து தொடங்கினேன்.

அதற்குப் பின் ஒரு நாவல் படமாகும்போது எது மாறியிருக்கிறது என்று குறிப்பதற்கு முன்பே, எந்த ஆண்டு, எந்த நாடு, யார் பணம், எந்தத் தணிக்கை என்று நான்கையும் எழுதி வைத்துவிடுகிறேன். எந்தப் பதிப்பைப் பார்க்கிறேன் என்பதும் முக்கியம். இயக்குநர் பின்னாளில் நீட்டிய பதிப்பும் முதலில் திரையரங்குக்கு வந்த பதிப்பும் ஒன்றல்ல. நாவலிலும் இதே கவனம் வேண்டும்: இதழில் தொடராக வந்த வடிவமும் நூல் வடிவமும் வேறுபடக்கூடும்.

பாடம் நடத்தத் தொடங்கிய பின் நான் அதிகம் சந்தித்த சொல் 'ஆண்நோக்கு'. திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கருத்து. திரையில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்ற ஏற்பாட்டை அது உடைத்துக் காட்டியது. அதைப் படித்தபின் என்னால் பழையபடி படம் பார்க்க முடியவில்லை. அந்தக் கட்டுரைக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் மாணவர் கட்டுரைகளில் அது முத்திரையாகிவிட்டிருந்தது. கேமரா பெண்ணைக் காட்டினால் ஆண்நோக்கு, காட்டாவிட்டாலும் ஆண்நோக்கு.

எனவே ஹிட்ச்காக்கின் 1954ஆம் ஆண்டுப் படமான 'ரியர் விண்டோ'வை வகுப்பில் எடுத்துக்கொண்டேன். மல்வியே பேசிய படம். கால் முறிந்து நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரன் ஜன்னல் வழியே எதிர்வீடுகளைப் பார்க்கிறான். கேமரா பெரும்பாலும் அவன் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. கேமரா எங்கே அவனைவிட்டு விலகுகிறது என்று மட்டும் தேடச் சொன்னேன். ஒரு மாணவன் கண்டுபிடித்தான்: புகைப்படக்காரன் தூங்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக்காரன் ஒரு பெண்ணோடு வெளியேறுவதை நமக்கு மட்டும் காட்டுகிறார்கள். பார்ப்பவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அப்படியென்றால் நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? அதோடு, இறுதியில் எதிர்வீட்டுக்காரன் நிமிர்ந்து நேரே இவனைப் பார்க்கும் கணமும் இருக்கிறது. வகுப்பு ஒன்றரை மணிநேரம் இதில் கழிந்தது. மல்வி தம் கருத்தை 1981இல் மறுபரிசீலனை செய்து எழுதியதையும், கறுப்பினப் பெண் பார்வையாளர்கள் அந்தக் கட்டமைப்புக்குள் எங்கே என்று கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் கேட்டதையும் அதற்குப் பிறகே படிக்கக் கொடுத்தேன். ஒரு கருத்தை எடுக்கும்போது அதைப் படைத்தவரே பின்னர் என்ன திருத்தினார், யார் எங்கே மறுத்தார் என்று தேடிவிட வேண்டும். நூலகத்தில் அரை நாள் வேலை, அவ்வளவே.

எண்ணிப் பார்ப்பது என்ற எளிய பழக்கத்தை நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியிடமிருந்து கற்றேன். ஆப்பிரிக்காவில் நடக்கும் ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' கதையைப் பற்றி 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் சீற்றம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சீற்றத்துக்கு அடியில் பொறுமையான ஒரு கணக்கு இருக்கிறது: ஆப்பிரிக்கர்களுக்கு அந்தக் கதையில் எத்தனை இடத்தில் பேச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது? அவர் இரண்டு இடங்களை எடுத்துக் காட்டுகிறார். ஒன்றில் மனித இறைச்சி கேட்கிறார்கள். மற்றதில் ஒருவன், கதையின் மையத்தில் இருக்கும் வெள்ளைக்காரன் குர்ட்ஸ் செத்துவிட்டான் என்று அறிவிக்கிறான். கதையைச் சொல்பவன் மார்லோ, கான்ராட் அல்லவே என்று வகுப்பில் யாராவது கட்டாயம் எழுந்து சொல்வார்கள். அந்த மறுப்பையும் அச்சிபி எதிர்பார்த்திருக்கிறார். மார்லோவின் பார்வையை அளந்து பார்க்க வேறோர் அளவுகோலைக் கதை எங்கே தருகிறது என்று கேட்கிறார். இதற்குப் பதில் சொல்ல முயல்கிறவர்கள் மறுபடியும் கதைக்குள் போய்த் தேடியாக வேண்டும். நல்ல விமர்சனம் எதிராளியையும் மூலத்துக்கே அனுப்பிவைக்கிறது. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேனியும் குறைவாகப் பேசுகிறவள்தான். ஆனால் நாவல் நடப்பதே அவள் மனத்துக்குள். பேச்சு எத்தனை வரி என்று எண்ணிய கையோடு, யார் மனத்துக்குள் கதை நுழைகிறது, யார் வாசலில் நின்றுவிடுகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது எனக்கு மிகவும் உதவியது தமிழ். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய கட்டுரையின் மையக் கருத்தை முதலில் தமிழில், கலைச்சொல் இல்லாமல், மூன்று வரியில் எழுதிப் பார்க்கிறேன். "இந்தப் பிரதி மேலாதிக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது" என்று எழுதினால் அது தமிழில் எழுதியதாகாது. யார் யாரைக் கேட்டது? என்ன கேள்வி? பதில் வந்ததா? "மாமாவிடம் மருமகள் கேட்டாள், பெண்கள் வாய் திறக்கவில்லை" என்று எழுத முடிந்தால் கருத்து இருக்கிறது. 'கேள்விக்குள்ளாக்குகிறது', 'கட்டமைக்கிறது' என்ற இரண்டு சொற்களை என் எழுத்திலிருந்து எடுத்தே விட்டேன். அவற்றை எடுத்த இடங்களில் பெரும்பாலும் ஓர் ஆளையும் ஒரு செயலையும் வைக்க வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு இருபத்தோராம் அத்தியாயத்தை மறுபடி நடத்தினேன். என் கட்டுரையில் இருந்த சிவப்பு மைக் கதையையும் சொன்னேன். அது மகள்களின் மௌனம் என்று விளக்கி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையுயர்த்தினாள். பெரும்பாலும் பேசாத பெண்.

"எட்மண்டும் அங்கேதானே இருந்தான் மேடம்? மற்றவர்கள் தொடர்ந்து கேட்பார்கள் என்று நம்பினானாம். அவன் ஏன் கேட்கவில்லை?"

நான் பதில் தேடுவதற்குள் அவள் அடுத்த வரியையும் படித்தாள். செத்த மௌனத்தைப் பற்றி ஃபேனி சொல்லி முடித்ததும் எட்மண்ட் சொல்லும் பதில்: உன்னைப் பற்றி மிஸ் கிராஃபர்ட் அன்று சொன்னது மிகவும் சரி, மற்றப் பெண்கள் புறக்கணிப்புக்கு அஞ்சுவதுபோல் நீ கவனத்துக்கும் பாராட்டுக்கும் அஞ்சுகிறாய். மிஸ் கிராஃபர்ட் அவன் விரும்பும் பெண். அடிமை வணிகம் என்ற சொல் விழுந்து அரைப் பக்கம்கூட ஆகவில்லை. பேச்சு அவளிடம் போய்விட்டது.

"இங்கே இரண்டாவது முறை நடக்கிறது மேடம்," என்றாள்.

எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்திருக்கிறேன். முதல் மௌனத்தைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் அடுத்த வரிக்குப் போகாமலே நிறுத்திக்கொண்டிருந்தேன். என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டு, அவளைக் கரும்பலகைக்கு வந்து அந்த இரண்டு வரிகளையும் எழுதச் சொன்னேன். எழுதும்போது பக்க எண்ணையும் அவளே சேர்த்து எழுதினாள்.